பழைய சபைப் பதிவேடு தைக்க: ஊட்டி மார்க்கெட் பக்கத்து பைண்டிங் கடை

தையல் முதல் தரம், அதில் சந்தேகமே இல்லை. கணக்குப் பேரேடுகள் தைத்துப் பழகிய கை. முதுகு விட்டுப்போன லுத்தரன் சபைப் பதிவேட்டைக் கொடுத்தால் ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாகப் பிரித்து, பழைய ஊசித் துளையிலேயே நூல் விட்டு, நாடா கோத்துத் தைக்கிறார்கள். விரித்தால் மேசையில் தட்டையாகப் படிகிறது.

ஆனால் தைத்ததும் மூன்று ஓரத்தையும் கட்டிங் மிஷினில் சீவிவிடுவது இங்கே வழக்கம். சபைச் சரித்திரத்தில் பாதி அந்தச் சீவலோடு குப்பைக்குப் போகும். ஞானஸ்நானப் பதிவில் கட்டத்துக்குள் இருப்பது பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், தேதி அவ்வளவுதான். குடும்பம் எந்த ஊரிலிருந்து மலையேறியது, எந்த எஸ்டேட்டுக்கு மாறியது என்பதை ஆயர்கள் ஓரத்தில்தான் குறித்து வைப்பார்கள். பில்லிலேயே ‘கட்டிங் கூடாது’ என்று எழுதி வாங்குங்கள்.

கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் பென்சிலால் எண் போடுங்கள். முதல் உலகப் போரில், இந்தச் சபைகளை நடத்திய ஜெர்மன் லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், சுவீடன் மிஷன் பொறுப்பேற்றது, 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. இந்தச் சில ஆண்டுகளில் கையெழுத்தும் கையொப்பமும் மாறி மாறி வரலாம். தாள் இடம் மாறினால் யார் காலத்துப் பதிவு என்று பிடிக்கவே முடியாது.

பசை மைதாவில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போட்டுக் காய்ச்சியது. தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி அண்டாது, சரிதான். ஆனால் செம்பு உப்பு நாளடைவில் தாளை நொறுக்கும். கேட்டால் துத்தம் இல்லாமல் தனியாகக் காய்ச்சித் தருகிறார்கள். அந்தப் பசையில் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும், ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் கொடுங்கள். ஜூன் மழையில் கொடுத்தால் அட்டை காயாமல் வளைந்துவிடும்.

கிழிசலுக்கு செல்லோடேப்பும் வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் சேதமாகாமல் உரிப்பது மிகக் கடினம். கிழிசல் ஒட்டும் மெல்லிய டிஷ்யூத் தாளை (முகம் துடைப்பது அல்ல) நீங்களே வாங்கிக் கொடுத்தால் பொறுமையாக ஒட்டுகிறார்கள். எழுத்தின்மேல் ஈரப்பசை படாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஸ்கேன் மட்டும் இங்கே கொடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கிறார்கள்; பழுப்பேறிய பழைய இரும்பு மை, தாளின் கறையோடு கலந்து காணாமல் போகிறது. கலரில் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), மேலிருந்து எடுக்கும் ஸ்கேனர் உள்ள இடமாகப் பாருங்கள். மூடியை அழுத்தும் ஸ்கேனர் புதுத் தையலையே அறுத்துவிடும்.