சோப்பு நுரையா, துகள் நுரையா?

சோப்புத் தண்ணீரைக் குலுக்கினால் நொடியில் நுரை பொங்கும். கொஞ்ச நேரத்தில் சின்னக் குமிழிகள் மறைந்து, பெரியவை இன்னும் ஊதிக்கொள்ளும். சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட், தண்ணீரின் பரப்பு இழுவிசையை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். ஆனால் அதன் மூலக்கூறுகள் பரப்பில் நிலையாக உட்காராது, வரும், போகும். குமிழிக்குக் குமிழி காற்று கசிவதை அவற்றால் நிறுத்த முடியாது.

சோப்புக்குப் பதில் நானோதுகளையும் (கண்ணுக்கே தெரியாத மிகமிகச் சின்னத் துகள்) குமிழிப் பரப்பில் நிறுத்தி நுரை செய்யலாம். அது நேர் எதிர். பரப்புக்கு வரவே சோம்பல்படும். நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். வந்துவிட்டால் லேசில் கிளம்பாது. 10 நானோமீட்டர் ஆரமுள்ள துகள் பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலுமாகப் பரப்பில் உட்கார்ந்தால், அதைப் பிடுங்க, அறை வெப்பநிலையில் வெப்பத்தால் துகள் தானாக ஆடும் ஆற்றலைப்போல 5,000 மடங்குக்கு மேல் வேண்டும். இப்படிச் சுற்றி உட்காரும் துகள் கவசம் குமிழியைச் சுருங்க விடாது. நீண்ட நாள் நுரைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, சிக்கல் எங்கே? வெறும் சிலிக்காத் துகளுக்கு (மணலில் இருக்கும் அதே பொருள்) தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம், பரப்புக்கே வராது. அங்கேதான் சர்ஃபாக்டன்ட் கைகொடுக்கிறது, அதுவும் நேர்மின் வகை (தலைமுடிக் கண்டிஷனரில் இருப்பது). எதிர்மின் சிலிக்காவில் தன் மூலக்கூறின் நேர்மின் தலையை ஒட்டிக்கொண்டு, எண்ணெய்த்தன்மையுள்ள வாலை வெளியே நீட்டும். துகள் பரப்புக்கு ஏறும். அளவு மிஞ்சினால் இரண்டாவது அடுக்கு படிந்து, துகள் மறுபடியும் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். ஷாம்பூவில் இருக்கும் எதிர்மின் வகையோ சிலிக்காவைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவே கொள்ளாது.