மோட்டார்ஹோமுக்குள் ஜிபிஎஸ்: கைப்பேசியா, புளூடூத் ரிசீவரா, கூரை ஆன்டெனாவா?

மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) ஜிபிஎஸ் வழிகாட்டி தடுமாறினால் பலரும் முதலில் கைப்பேசியைத்தான் மாற்றப் பார்க்கிறார்கள். அதற்கு முன் வண்டியின் உடம்பைப் பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தரைக்கு வந்து சேரும்போது சிக்னல் மிகவும் மெலிந்திருக்கும். ஃபைபர்கிளாஸ் கூரை அதைப் பெரும்பாலும் உள்ளே விடும். அலுமினியத் தகடு போர்த்திய கூரையும் வேனின் இரும்புக் கூரையும் விடாது. மிஞ்சுவது முன் கண்ணாடிதான். நம் ஊர் வெயிலுக்கு அதிலும் டின்டட் (வெயில் தடுக்கும் படலம்) ஒட்டியிருப்போம். முன் கண்ணாடி வழியே 70 விழுக்காடு வெளிச்சம் வர வேண்டும் என்பது மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதி. உலோகப் பூச்சுள்ள படலம் அந்தச் சோதனையில் தேறினாலும் சிக்னலை மறிக்கக்கூடும். செராமிக் படலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

ஃபைபர்கிளாஸ் வண்டி, செராமிக் டின்டட் என்றால் கைப்பேசியே போதும். சிக்னலை இரட்டை அலைவரிசையில் பெறும் புதிய கைப்பேசிகள், கோலாலம்பூரின் ஜாலான் சுல்தான் இஸ்மாயில் போன்ற இடங்களில் கட்டடங்களில் மோதித் திரும்பும் சிக்னலை நன்றாகவே சமாளிக்கின்றன. மதிய வெயிலில் டேஷ்போர்டில் சூடேறித் திரை மங்குவதுதான் குறை. ஏர்கான் காற்று படும் இடத்தில் மாட்டுங்கள்.

வாடகை வண்டியில் துளை போட முடியாது. அங்கே, ஜிபிஎஸ் சிக்னலைத் தானே வாங்கி இருப்பிடத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் புளூடூத் ரிசீவர்தான் சரி. ஆனால் அதையும் டேஷ்போர்டிலேயே வைத்தால் அதே கண்ணாடி வழியாகத்தானே வானத்தைப் பார்க்கும்? கூரையில் ஆக்ரிலிக் ஜன்னல் இருந்தால் அதன் அடியில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் இதற்குத் தனிச் செயலியும் அமைப்பு மாற்றமும் தேவைப்படும்.

சொந்த வண்டி, அதுவும் தகடு போர்த்தியது என்றால் என் தேர்வு கூரை ஆன்டெனா. வண்டியின் திரையோடு கேபிளில் இணைப்பது இது. கைப்பேசியில் செருக வழியில்லை. கடையில் கிடைப்பவற்றில் பல காந்த அடி உள்ளவை. அலுமினியத்திலும் ஃபைபர்கிளாஸிலும் காந்தம் ஒட்டாது, பிசின் வைத்துத்தான் பதிக்க வேண்டும். ஃபைபர்கிளாஸ் என்றால் ஆன்டெனாவுக்கு அடியில் உள்ளங்கை அகல உலோகத் தகடு ஒன்று வைத்தால் வரவேற்பு கூடும். சோலார் பலகையும் ஏர்கான் பெட்டியும் வானத்தை மறைக்காத இடமாகப் பாருங்கள். கேபிள் இறங்கும் துளையைச் சிலிக்கான் பூசி நன்றாக அடைப்பது முக்கியம்; பினாங்கு மழை சின்ன இடுக்கையும் விடாது. மழையால் சிக்னல் போகிறது என்பார்கள். இந்த அலைவரிசையை மழை அநேகமாகத் தொடுவதே இல்லை. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில் தடுமாறினால், சாலையை மூடி நிற்கும் மரங்களும் நனைந்த இலைகளும்தான் காரணம்.

வெளிச் சிக்னலை வாங்கி வண்டிக்குள் மறுபடி பரப்பும் ரிப்பீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியே கசிந்தால் பக்கத்து வண்டிகளின் ஜிபிஎஸ்ஸையும் குழப்பிவிடும்.

எதற்கும் பணம் போடுவதற்கு முன் டேஷ்கேமையும் மலிவுச் சார்ஜரையும் கழற்றிப் பாருங்கள். அவற்றின் மின் இரைச்சலே சிக்னலை அமுக்கலாம். பிறகு திறந்தவெளியுள்ள ஓய்வுத்தலம் ஒன்றில் நிறுத்தி, செயற்கைக்கோள் சிக்னலின் வலிமையை (dB-Hz அளவில்) காட்டும் செயலியை வண்டிக்கு வெளியேயும் உள்ளேயும் ஓட்டுங்கள். வெளியே 40ஐத் தொடும் எண்கள் உள்ளே 25க்கு இறங்கினால் ஆன்டெனா வாங்கலாம். மூன்று நான்குதான் குறைகிறது என்றால் இருக்கும் கைப்பேசியை நல்ல இடத்தில் மாட்டினாலே போதும்.