நாற்காலி மெத்தைக்குள் வைப்பது ஃபோமா, பஞ்சா?

சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்கு வீட்டிலேயே மெத்தை தைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, உள்ளே எதை வைப்பது என்பதில்தான்.

செலவு: ஃபோமை அளவுக்கு வெட்டி வாங்க வேண்டும். பஞ்சைப் பழைய தலையணையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

உழைக்கும் காலம்: அடர்த்தியான ஃபோம் நெடுநாள் வடிவம் மாறாது. பஞ்சோ உட்காருபவரின் எடையில் நடுவில் அமுங்கி, ஓரங்களில் திரண்டு, விரைவிலேயே கட்டிதட்டிவிடும். அதைத் தடுக்க, நான்கைந்து இடங்களில் தடித்த நூலை மேலிருந்து கீழாகக் குத்தி இழுத்து, இருபுறமும் பொத்தான் வைத்து முடிச்சிட வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை இது. ஆனால் மெத்தைக்கு அழகே அந்தக் குழிகள்தான்.

தையல்: பஞ்சு உறைக்கு இரண்டு துண்டுகள் போதும். 5 செ.மீ. ஃபோமுக்குப் பக்கவாட்டுப் பட்டை வைத்துத் தைக்க வேண்டும்; பட்டை திரும்பும் மூலையில் தையல் விளிம்பை (தையலுக்கு வெளியே விட்டிருக்கும் துணியை), தையலைத் தொடாமல் சிறிது கத்தரித்தால்தான் துணி சுருங்காது.

துவைத்தல்: ஃபோம் உறையில் ஜிப் வைத்தால் கழற்றித் துவைக்கலாம். பொத்தானிட்ட பஞ்சு மெத்தையை முழுதாக நனைத்தால் காய நாளாகும்.

நாள்தோறும் உட்காரும் நாற்காலிகளுக்கு ஃபோமையே பரிந்துரைப்பேன். எப்போதாவது பயன்படுபவற்றுக்கும், முதன்முறை தைப்பவர்களுக்கும் பஞ்சு ஏற்றது.