மஸ்டாங்கின் அடிவயிறு: தாரா, பெட்லைனரா, சிவப்பு பிரைமரா?

1969 ஃபோர்டு மஸ்டாங்கைப் புதுப்பிக்க எடுப்பவர்கள் வெளி நிறத்தை ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். அடிப்பாகத்துக்கு என்ன பூசுவது என்பதில்தான் மாதக்கணக்கில் குழம்புகிறார்கள். அந்தக் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. அதே காலத்துச் செவர்லே செவெல்லில் தரை அரித்துப்போனாலும் கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதாவது இரும்புச் சட்டகம், தாங்கிக்கொண்டிருக்கும். மஸ்டாங்குக்கு அது கிடையாது. தரைத் தகடும் அதோடு பற்றவைத்த பெட்டி வடிவ ரெயில்களும் (நீள இரும்பு உத்திரங்கள்)தான் அதன் முதுகெலும்பு. எனவே நான் எந்தப் பூச்சிடமும் முதலில் கேட்கும் கேள்வி, நாளை துரு வந்தால் அதைக் கண்ணில் காட்டுமா என்பதுதான்.

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது பழைய தார் பூச்சு. மிச்சிகன், ஒஹாயோ போலக் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய பல கார்களில் இதைக் காணலாம். ஹீட் கன்னால் சூடுகாட்டிப் பட்டைக்கத்தியால் சுரண்டிப் பாருங்கள். ஓரிடத்தில் தார் அப்பளம் போல உரிந்து, அடியில் பிரைமர் என்ற முதல் பூச்சு நேற்று அடித்ததுபோல் இருக்கும். ஒரு சாண் தள்ளிச் சுரண்டினால் பழுப்புத் தூள் கொட்டும். ஸ்க்ரூடிரைவர் தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். சுரண்டுவதற்கு முன்பு இரண்டு இடமும் ஒரே கறுப்பு. தார் காய்ந்து வெடித்ததும் உப்புநீர் விரிசலில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது.

பிக்கப் வண்டிகளின் சரக்குத் தட்டுக்குப் பூசும் பாலியூரிதேன் பெட்லைனர் தாரைவிடப் பல மடங்கு உறுதியானது. ராப்டர் போன்ற பெட்லைனர் பிராண்டுகளை மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து, தடித்த பூச்சுக்கான ஷூட்ஸ் ஸ்ப்ரே கன்னில் அடிக்கலாம். கல்லடியைத் தாங்கும், இரைச்சலையும் குறைக்கும். ஆனால் சொரசொரப்பான அந்தத் தடித்த தோல் வெல்டிங் தையல்களை மூடிவிடுகிறது. பின்னாளில் காரை வாங்க வருபவர் கீழே குனிந்து பார்த்தால், எதை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவார். அது நியாயமான சந்தேகம். மறுபடி வெல்டிங் செய்ய நேர்ந்தால் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்க்காமல் சுட்டால் வரும் புகை நுரையீரலுக்குக் கேடு. சக்கரக் குழிகளுக்குள் மட்டும் அடிப்பதை நான் ஏற்பேன்.

துருவின் மேலேயே பூசும் வகைப் பெயிண்டுகளைப் புதுத் தகட்டில் பூசுவது பலர் செய்யும் பிழை. வழவழப்பான இரும்பில் அவற்றுக்குப் பிடிப்பு குறைவு. பிறகு தோல் தோலாக உரியும். பவுடர் கோட்டிங் அடுப்பில் சுட்டெடுக்கும் வேலை. கழற்றக்கூடிய கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) போன்றவற்றுக்கு நல்லது, பாடிக்குச் சரிவராது.

என் தேர்வு, வெற்று இரும்பின் மேல் இரண்டு கலவை எபாக்ஸி பிரைமர், அதன்மேல் ஃபோர்டு ஆலையின் பிரைமர் நிறத்தில் மெல்லிய மேற்பூச்சு. எபாக்ஸி டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மேற்பூச்சை அடித்துவிட வேண்டும். தவறினால் உப்புத்தாள் போட்ட பிறகே அடிக்கலாம். கல் பட்டால் இது பெயரும் என்பது உண்மைதான். ஆனால் பெயர்ந்த இடம் உடனே தெரியும், ஒரு தூரிகைத் தொடுதலில் சரியாகிவிடும்.

நிறத்தைக் கடையில் தேடாதீர்கள். ஆலை பொறித்த வண்டி அடையாள எண்ணில் (VIN) இரண்டாவதாக வரும் எழுத்து எஃப் (F) என்றால் டியர்பார்ன் ஆலை, ஆர் (R) என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். ஆலைக்கு ஆலை, மாதத்துக்கு மாதம் பிரைமர் செங்காவியிலிருந்து சாம்பல் வரை மாறியது. போல்ட் போட்ட பிராக்கெட்டுகளைக் கழற்றினால் உங்கள் காரின் அசல் நிறம் அங்கே பத்திரமாக இருக்கக்கூடும். வெளி நிறம் புகைபோல உள்ளே படர்ந்த ஓரங்களையும், ஆலைத் தொழிலாளர்கள் இட்ட பெயிண்ட் அடையாளங்களையும் சுரண்டும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கிய அந்தத் தடயங்களை ஒரே பிற்பகலில் அழிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எந்தப் பூச்சானாலும் ரெயில்களுக்குள்ளும் கதவுகளுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல்களுக்குள்ளும் மெழுகு பீய்ச்சுவதை விடக்கூடாது. பூச்சை அடிக்கும் முன் ஒவ்வொரு வடிகால் துளையிலும் ஒரு நுரைத் துண்டைச் செருகுங்கள். பூச்சு இறுகும் முன்பே அவற்றை எண்ணி எடுத்துவிடுங்கள்.