வெளிநாட்டில் குழந்தைக்குத் தொட்டில் ஏற்பாடு செய்கிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரிலிருந்து கைக்குழந்தையோடு வெளிநாடு கிளம்பும் எல்லாரும் இதை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள். எங்களிடமிருந்து 18,700 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். முழுத் தொகையும் முன்பணமாக வாங்கினார்கள், ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. பணம் போனது ஒரு பக்கம். ஐந்து மாதக் குழந்தையை எதில் தூங்க வைக்கவே கூடாதோ, அதையே ‘பாதுகாப்பான தொட்டில்’ என்று அனுப்பி வைத்தார்களே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பயணக் களைப்பில் வேறு யாராவது அதை நம்பிப் பிள்ளையை அதில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊர் வந்து இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் எந்த மாதிரி ஆட்கள் என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைப் பொருள்களை வாடகைக்குக் கொடுக்கும் ஆன்லைன் தளம். அலுவலகம் பெங்களூரில் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும், தங்கும் வீட்டில் நீங்கள் நுழையும் முன்பே தொட்டில் விரித்துத் தயாராக இருக்கும் என்பதுதான் அவர்கள் விளம்பரம். தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், விமானத்தில் எடை ஏற வேண்டாம். கைக்குழந்தைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் கணவரை அலுவலக வேலையாக இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் போல. நானும் பாப்பாவும் கூடப் போவது என்று முடிவானது. தங்குவதற்கு வாடகைக் குடியிருப்பு, அதில் குழந்தைத் தொட்டில் கிடையாது. “ஒரு நூல் புடவை எடுத்துட்டுப் போடி, எங்கேயாவது தூளி கட்டிக்கலாம்” என்றார் அம்மா. அங்கே எந்த உத்தரத்தில் கட்டுவது? அதோடு, எங்கள் குழந்தை மருத்துவர் முதலிலிருந்தே தெளிவாகச் சொல்லியிருந்தார். மல்லாக்கப் படுக்க வேண்டும். படுக்கை தட்டையாக, அழுத்தினால் அமுங்காத மாதிரி இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை, சுற்றிலும் வைக்கும் பஞ்சுத் திண்டு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. முதல் ஆறு மாதமாவது பெற்றவர்கள் தூங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில்.

இதையெல்லாம் நான் சொல்லும் முன்பே அந்தத் தளத்தில் பேசிய பெண் எனக்குச் சொன்னார். அங்கேதான் நாங்கள் நம்பினோம். போனை எடுத்ததும் நல்ல கோயம்புத்தூர்த் தமிழ். “பாப்பா குப்புற விழுந்துட்டாளாங்க்கா? அப்ப கட்டாயம் வலைத் துணி வச்ச தொட்டில்தான் வேணும், மூஞ்சி பட்டாலும் மூச்சு முட்டாது” என்றார். சாய்வான ராக்கரில், அதாவது குழந்தையைச் சாய்த்து வைத்து ஆட்டும் இருக்கையில், தூங்க வைக்கவே கூடாது என்று அவரே விளக்கினார். பத்து டிகிரிக்கு மேல் சாய்வு இருந்தால் கழுத்து உறுதிப்படாத குழந்தைக்குத் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குழாய் மடங்கிப்போகும் என்றார். அது முழுக்க முழுக்க உண்மை. அமெரிக்காவில் 2019இல் ஒரே மாதிரியான சாய்வுத் தொட்டில் சுமார் 47 லட்சத்தைத் திரும்பப் பெற்றார்கள், முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு. 2022இல் அந்த மாதிரித் தொட்டில்களையும் பஞ்சுத் தடுப்புகளையும் விற்கவே கூடாது என்று அங்கே சட்டமே வந்தது. இவ்வளவும் தெரிந்தவர்கள் ஏமாற்றுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்? தன் பெண்ணுக்கும் ஆறு மாதம்தான் என்றார். ஐரோப்பியத் தரக்குறியீடு இஎன் 716 ஒட்டிய மடக்குத் தொட்டிலின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். “இதேதாங்க்கா உங்க ரூம்ல இருக்கும், என் பொறுப்பு.”

அந்த வார்த்தையை நம்பித்தான் 18,700 ரூபாய் கட்டினோம். தொட்டில் வாடகை 11,200. கொண்டுபோய்ச் சேர்க்க 3,000. படுக்கை விரிப்புகளும், போர்வைக்குப் பதில் குழந்தைக்கு மாட்டிவிடும் தூங்கும் பையும் சேர்ந்த ‘பாதுகாப்புத் தொகுப்பு’ 2,000. அப்புறம், விமானத்தில் குழந்தைக்குப் பாசினெட், அதாவது இருக்கைக்கு முன்னால் மாட்டும் குட்டிப் படுக்கை, உறுதி செய்து தர 2,500. யுபிஐயில் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். ஏன் என்று இப்போது நன்றாகவே புரிகிறது.

முதல் அடி கெம்பேகவுடா விமான நிலையத்திலேயே விழுந்தது. கவுன்ட்டரில் பாசினெட் பற்றிக் கேட்டோம். எங்கள் டிக்கெட்டில் அப்படி ஒரு கோரிக்கையே இல்லை. பாசினெட்டை முன்னால் தடுப்புச் சுவர் இருக்கும் வரிசையில் மட்டும்தான் மாட்ட முடியும். அந்த இருக்கைகள் எல்லாம் வேறு குழந்தைகளுக்குப் போய்விட்டன. அங்கிருந்தே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் பதில் வந்தது. “ரிக்வெஸ்ட் அனுப்பிட்டோம்க்கா, ஏர்லைன்ஸ் கையில இருக்கு.” பத்து மணி நேரத்துக்கு மேல் மாற்றி மாற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனோம். பக்கத்து இருக்கையில் இருந்த சேலத்து அம்மா ஒருவர்தான் இடையில் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், விமான நிறுவனத்தை நாமே கூப்பிட்டு, குழந்தையின் வயது, எடை சொல்லிக் கேட்டிருந்தாலே பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லாமல் பதிவு செய்து கொடுப்பார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதையும் செய்யவில்லை.

ரெடிங் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஆகிவிட்டது. அறையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பொருள்கள். ஒன்று சாய்வு ராக்கர். ஆமாம், தூங்க வைக்கவே கூடாது என்று அவர்களே எனக்குப் பாடம் எடுத்த அதே ராக்கர். இன்னொன்று, சுற்றிலும் கொழுகொழுவென்று பஞ்சு வைத்த மெத்தைக் கூடு. படத்தில் காட்டிய தொட்டில் இல்லை, தூங்கும் பையும் இல்லை. ‘பாதுகாப்புத் தொகுப்பு’ என்ற பெயரில் ஒரு குட்டித் தலையணையும் கனமான போர்வையும் இருந்தன. ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்குத் தலையணை! பெரியவர்களின் கட்டிலோ இடுப்பு அளவுக்கு மெத்தென்று புதைந்தது. அதில் நடுவில் போட்டுக்கொள்ளவும் பயம், தூக்கத்தில் நாம் புரண்டுவிட்டால்? அந்த ராத்திரி ஒருவர் விழித்திருக்க ஒருவர் தூங்கி, பாப்பாவைக் கையிலும் மடியிலுமாக வைத்துக்கொண்டே விடிய வைத்தோம். பயணம் செய்து வந்த உடம்பு, கண் தானாகச் சொருகுகிறது. சோபாவில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணயர்வதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து என்று தெரியும். அதனால் அவர் உட்காரவே இல்லை, நடந்துகொண்டே இருந்தார்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் தட்டிக்கழிப்பு. கோயம்புத்தூர்த் தமிழ் மறைந்துவிட்டது, ‘அக்கா’வும் போய்விட்டது. இப்போது ‘மேடம்’. “சிஸ்டம்ல டெலிவர்ட்னு காட்டுது மேடம்.” தவறான பொருள் என்று படம் எடுத்து அனுப்பினால், “அதுவும் ஸ்லீப் கேட்டகரிதான் மேடம்.” சாய்வு கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டால், பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. அங்கே இருக்கும் பார்ட்னர்தான் பொறுப்பு என்றார்கள். பார்ட்னர் எண் கேட்டால் தர முடியாது, கம்பெனி பாலிசி. மேலாளர் கூப்பிடுவார் என்றார்கள். நம் ஊர் நேரத்துக்குக் காத்திருந்து, அங்கே விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

நான் விடாமல் கூப்பிட்டுக் கத்திய பிறகு ஒரு தொட்டிலை அனுப்பினார்கள். அது இன்னும் மோசம். பார்க்க அந்தப் படம் மாதிரியே இருந்தது, வலைத் துணியும் இருந்தது. ஆனால் அதோடு வந்த மெத்தை அந்தத் தொட்டிலுடையது இல்லை. வேறு எதற்கோ வாங்கிய தடிமனான பஞ்சு மெத்தை. ஓரத்தில் என் நான்கு விரல் சேர்ந்து இறங்கியது. குழந்தை புரண்டு அந்த இடுக்கில் முகத்தை வைத்தால் அவ்வளவுதான். ஒரு பக்கக் கம்பி பூட்டும்போது ‘க்ளிக்’ சத்தமே வரவில்லை, கை வைத்தால் உள்நோக்கி மடிந்தது. தரக்குறியீட்டு ஒட்டுச்சீட்டைக் கிழித்த அடையாளம் மட்டும் இருந்தது. கொண்டுவந்த பையனிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம். எடுத்துக்கொண்டு போக உத்தரவு இல்லை என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்கு இவர்கள் சொன்னது: “ரெண்டாவது ப்ராடக்ட் அக்செப்ட் பண்ணிட்டீங்க மேடம், ரீஃபண்ட் வராது.” வேண்டுமானால் அடுத்த பயணத்துக்குக் கூப்பன் தருவார்களாம். 18,700 ரூபாய்க்கு 1,500 ரூபாய் கூப்பன்! அடுத்த முறையும் இவர்களிடமே போய் நிற்க வேண்டுமாம். என் கணவர் பொறுமையான மனிதர், அன்றைக்கு அவரே போனில் குரலை உயர்த்தினார். அதற்குள் நாங்கள் அங்கேயே ஒரு கடைக்குப் போய் 70 பவுண்டுக்குப் புதிய மடக்குத் தொட்டில் வாங்கிவிட்டோம். குறியீடு ஒட்டியது, அதற்கென்றே வந்த மெல்லிய மெத்தையோடு. பாப்பா அதில்தான் நிம்மதியாகத் தூங்கினாள். வாடகைக்குக் கட்டிய 11,200 ரூபாயில் அதையே வாங்கி, மீதிப் பணமும் கையில் இருந்திருக்கும். வயிறு எரிகிறது.

ஊர் திரும்பிய உடனே அவர்கள் தளத்தில் போட்டிருக்கும் பெங்களூர் முகவரிக்கு அவரை அனுப்பினேன். ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டிலிருந்து எச்.எஸ்.ஆர். லேஅவுட் வரை டிராஃபிக்கில் போனார். அங்கே பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகம். இவர்கள் காலி செய்து ரொம்ப நாள் ஆகிறது என்று வரவேற்பில் சொல்லியிருக்கிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பாப்பா எழுந்துவிட்டாள், அவசரமாகச் சிலது. பாசினெட்டை விமான நிறுவனத்திடம் நீங்களே கேளுங்கள், எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தையை வெளியே எடுக்கச் சொல்வார்கள், தெரிந்துகொண்டு போங்கள். தங்கும் இடத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பித் தொட்டில் இருக்கிறதா, மெத்தை அதனுடையதுதானா என்று எழுத்தில் வாங்குங்கள். நிறைய ஹோட்டல்களில் கேட்டால் தருவார்கள். எந்தத் தொட்டில் வந்தாலும் மெத்தை ஓரத்தில் விரலை விட்டுப் பாருங்கள், நான்கு பக்கமும் பூட்டி அழுத்திப் பாருங்கள். மெத்தை கெட்டியாக இருக்கிறதே என்று பரிதாபப்பட்டு மேலே இன்னொரு மெத்தை போடாதீர்கள். குளிர் நாடு என்று ஹீட்டரைக் கூட்டவும் வேண்டாம், இங்கிலாந்தில் அறை வெப்பம் 16 முதல் 20 டிகிரிதான் நல்லது என்கிறார்கள், போர்வைக்குப் பதில் தூங்கும் பை. கார் இருக்கையில் தூங்கிப்போனால், வீடு வந்ததும் எடுத்துத் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

பணம் கட்டுவதென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கி மூலம் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். தளத்தில் குறைதீர் அதிகாரியின் பெயர் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டே ஓடுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்த அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டோம். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வாட்ஸ்அப் உரையாடல்கள், அந்த மெத்தை இடுக்கில் விரல் வைத்த படம், யுபிஐ ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 18,700 ரூபாயை விடப்போவதில்லை. இதே மாதிரித் தளத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் பெங்களூரில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே வழக்குப் போடுவோம்.