பவளத் தொட்டி வைத்திருப்பவர்களே, "எல்லாம் ஒத்துப்போகும்" என்று சொல்லும் கடையில் உஷார்

கோவையில் கடல் மீன் விற்கும் ஒரு கடையில் ஏமாற்றப்பட்டேன். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிக்காரர்கள் பலரும் கடல் மீனுக்குக் கோவைக்குத்தான் போகிறோம் என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது 200 லிட்டர் தொட்டி. ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் சோவாந்தஸ் என்ற பவள வகை. கடல் இல்லாத ஊரில், ஆர்.ஓ. தண்ணீரில் உப்புத்தூள் கலந்து, அடர்த்தி 1.025-க்கு வரும்வரை அளந்து ஊற்றி வளர்த்தவை. கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி, படமும் காட்டினேன். டாமினோ டாம்சல், த்ரெட்ஃபின் வண்ணத்துப்பூச்சி மீன், மாண்டரின் என்று மூன்று மீன்களை எடுத்து வைத்தார். "பவளத்தோடு சேருமா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒத்துப்போகுமுங்க அண்ணா, நான் பொறுப்பு" என்றார்.

டாமினோ குஞ்சு கறுப்பு உடலில் மூன்று வெள்ளைப் புள்ளிகளோடு அத்தனை அழகு. கடலில் இதன் குஞ்சுகள் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரிகளில் கோமாளி மீன்களோடு சேர்ந்தும் வாழும். அதைச் சொல்லித்தான் விற்றார். ஆனால் கடலில் அடி வாங்கிய மீன் தப்பித்துப் போக இடம் உண்டு. தொட்டியில் ஏது? டாமினோ பாறைக்குப் பாறை உரிமை கொண்டாடியது. என் பெண் கோமாளி, வால் துடுப்பு நார்நாராகக் கிழிந்து, ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. இந்த டாமினோ 14 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதையும் அவர் சொல்லவில்லை.

வண்ணத்துப்பூச்சி மீனுக்குப் பவள மொட்டுகளும் (பவளத்தின் பூப்போன்ற சிறு உயிர்கள்) தீனி. ஒவ்வொரு மொட்டாகக் கொத்தித் தின்றது. விரிந்திருந்த சோவாந்தஸ் முழுக்கச் சுருங்கி மொட்டைப் பாறையாகிவிட்டது. மாண்டரின் உருண்டைத் தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாறையில் ஊரும் கோபிபாட் போன்ற பொடி உயிரிகளைப் பொறுக்கித் தின்பது அது. அவை பெருகியிருக்கும் நாள்பட்ட பெரிய தொட்டி இல்லாவிட்டால் பட்டினிதான். வயிறு ஒட்டிச் செத்துப்போனதைப் பார்த்தபோது மனம் ஆறவில்லை.

போய்க் கேட்டால், "உங்க தண்ணி சரியில்லைங்க" என்கிறார். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டினேன். "உயிருள்ள சரக்குக்குக் கேரண்டி கிடையாது" என்று பேச்சை மாற்றிவிட்டார். அதே மூச்சில் கடற்குதிரை வேண்டுமா என்றும் கேட்டார்! கடற்குதிரையும் கல் பவளங்களும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. வாங்கினால் நாமும் மாட்டிக்கொள்வோம்.

மீன் வாங்கும்போது அது என்ன தின்னும், எவ்வளவு வளரும் என்று கேட்டு, உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லிப் பாருங்கள். சண்டைக்கார மீனைக் கடைசியாகத்தான் விட வேண்டும். பவளத் தொட்டிக்கு டாமினோவே வேண்டாம். மீனின் பெயரையும் "பவளத்துக்கு ஏற்றது" என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எனக்கு வெறும் துண்டுச் சீட்டுதான் தந்தார். அதையும், பணம் அனுப்பிய ரசீதையும், படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் ஈரோட்டிலேயே வழக்கு.