பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: வீட்டுக்குச் சரி, அலுவலகத்துக்கு யோசிக்கணும்

அம்மாவின் லேப்டாப் 2012-இல் வந்தது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்கணும் என்கிறது. திரையும் கீபோர்டும் நன்றாக இருக்கும்போது இதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ் (இயங்குதளம்) லினக்ஸ் மின்ட். அதில் மின்ட் 22-இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா தினமும் அதில்தான் எழுதுகிறார்.

லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் ஓஎஸ் இதைவிட இலகுவானது என்பார்கள். உண்மைதான். அதையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். ஆனால் 4 ஜிபி ரேமில் பெரும்பங்கைத் தின்பது பிரவுசர். கனமான பக்கங்களை ஏழெட்டு டேபில் திறந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் திணறுகின்றன. அதனால் ஓஎஸ் எவ்வளவு இலகு என்பதைவிட, பக்கத்தில் நான் இல்லாதபோதும் அம்மாவால் சமாளிக்க முடியுமா என்பதையே பார்த்தேன். அங்கேதான் மின்ட் எனக்குப் பிடித்தது. அப்டேட் வந்தால் கீழே சின்னதாக ஒரு ஐகான் தெரியும், அதை அழுத்தினால் போதும். ஏதாவது கெட்டுப்போனால், மின்டிலேயே இருக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி எடுத்துவைத்த பழைய நிலைக்குத் திரும்பலாம்.

வைஃபை மட்டும் முதலில் வரவில்லை. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இன்டர்நெட்டைக் கொடுத்தேன். டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் சிப்பைக் கண்டுபிடித்து, எந்த டிரைவரைப் போடணும் என்று காட்டியது. டிக் செய்து ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது. தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ் என்ற மென்பொருள், அதோடு தமிழ் விசைப்பலகை அமைப்புகள் உள்ள எம்17என் பேக்கேஜ். அம்மா பழகிய தமிழ்99 விசைப்பலகை அமைப்பு அப்படியே கிடைத்தது. இது வராமல் போயிருந்தால் வேறு எந்த வசதியும் அவருக்குப் பயன்பட்டிருக்காது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டுங்கள். எந்த ஓஎஸ் போட்டாலும் அதைவிடப் பெரிய மாற்றம் இதில்தான் தெரியும். சிப் மிகப் பழைய 32 பிட் வகை என்றால் மின்ட் 22 ஓடாது, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரவுசர் மட்டுமே போதும் என்பவர்களுக்கு கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற ஓஎஸ் இருக்கிறது. அதற்கும் 4 ஜிபி ரேம் வேண்டும்.

அலுவலகக் கணினி வேறு கதை. எங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாகத் திறந்தது, ஆனால் பிரின்ட் கொடுத்தால் பில்லில் கட்டங்கள் இடம் மாறின. பணம் சம்பந்தப்பட்ட வேலையில் இதை ஏற்கவே முடியாது. அந்த ஒரு கணினியில் விண்டோஸ் 10-ஐ விட்டுவைத்து, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்திருக்கிறோம். நிறுவனங்கள் காசு கட்டினால் அது மூன்று ஆண்டு வரை கிடைக்கும். கடிதமும் மெயிலும் மட்டும் பார்க்கும் மற்ற கணினிகளை மின்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு.